மாலை இல்லாதவர்களின் இலக்கியம்

நவீனத் தமிழ் இலக்கியம் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல் எழுதப்பட்டது. இதை ஒரு ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை, ரொம்ப நாளாக மனதில் இருக்கிற சந்தேகமாகத்தான் சொல்கிறேன். ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி. லா.ச.ரா. வங்கியில் இருந்தார். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியர், பிறகு வானொலி. சா. கந்தசாமி இந்திய உணவுக் கழகம். ஆதவன் டெல்லியில் அரசு சார்ந்த உத்தியோகம். எல்லோருக்கும் வேலை முடிகிற நேரம்னு ஒன்று இருந்தது. குடையை மாட்டிவிட்டு, காபி குடித்துவிட்டு உட்கார ஒரு மாலை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு முழு நாள். தேதி ஒன்று ஆனால் கையில் சம்பளம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மாலைகள் இல்லாவிட்டால் 'மோகமுள்' ஏது? ஆனால் எழுதுகிறவனுடைய நேரம் எழுத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் கதைகளில் பணம் எப்படி நடமாடுகிறது என்று பாருங்கள். ஒன்றாம் தேதி வருகிறது, இருபதாம் தேதி தீர்கிறது, நடுவில் ஒரு கைமாற்று. மாதம் என்பதுதான் அலகு. கடைக்காரர்களின் பணம் அப்படி நடப்பதில்லை. 'வரவேண்டியது' என்றும் 'தரவேண்டியது' என்றும் இரண்டு பக்கமாக அது எப்போதும் வெளியிலேயே நிற்கும். கையில் இருக்கிற பணம் யாருடையது என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

எனக்குத் தி.நகரில் ஒரு மேட்சிங் சென்டர் இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பத்தடிக்குப் பன்னிரண்டடி. மேட்சிங் சென்டர் தெரியாதவர்களுக்காக: புடவையைக் கொண்டுவந்து மேஜையில் விரிப்பார்கள், அதற்குப் பொருந்துகிற ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், லேஸ் எடுத்துத் தர வேண்டும். மாம்பழ மஞ்சளில் மட்டும் எங்களிடம் பதினோரு வகை. ட்யூப்லைட்டில் ஒரு கலர், வாசலுக்குப் போனால் வேறு கலர் என்பதால், பாதி வியாபாரம் வாசற்படியில்தான் நடக்கும். இப்போது புடவையோடு ரவிக்கைத் துணி சேர்ந்தே வருகிறது, ரெடிமேட் ரவிக்கை எல்லா இடத்திலும் கிடைக்கிறது, மீதி ஆன்லைன். தெற்கு உஸ்மான் சாலையில் மேம்பால வேலை நடந்த காலத்தில் ஒரு நாள் முழுக்க எண்ணூறு ரூபாய்க்கு வியாபாரம் ஆன நாட்கள் உண்டு. ரெண்டு பேர் சம்பளம், வாடகை, கரண்ட் பில், மூணு மாசத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டி. மூழ்கவில்லை, நீந்தவும் இல்லை.

தி.நகரில் மாலைதான் வியாபாரம். ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் நகரமே வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது. ஊரே எழுத உட்காரும் நேரத்தில் நான் லேஸ் அளந்துகொண்டிருப்பேன். எனக்கு மிஞ்சுவது மதியம் இரண்டரையிலிருந்து நாலரை வரை. சாப்பிட்ட கிறக்கம், ஃபேன் சத்தம், யாரும் வராத தெரு. அந்த ரெண்டு மணி நேரத்தில்தான் நான் ஒரு படக்கதை வரைகிறேன். இதுவரை பதினெட்டுப் பக்கம். அதற்கு முன்னால் ஒரு ஒலிப்பதிவுத் தொடர் நாலு பகுதியோடு நிற்கிறது. வெட்டுத் துணிகளை அட்டையாக வைத்துத் தைத்த சின்னப் புத்தகங்கள் ஒரு டப்பா நிறைய இருக்கு. கடையில் இருக்கும் அக்கா கேட்பாங்க: "பாப்பா, இதுல எது முடியும்?" தெரியலக்கா என்பேன். அவங்களும் மேற்கொண்டு கேட்கமாட்டாங்க.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்நேரம் எனக்கு ஒரு யோசனை வைத்திருப்பீர்கள். அந்தத் துணி அட்டைப் புத்தகங்களை இன்ஸ்டாவில் போட்டு வித்தால் என்ன? இந்த யோசனையை வாரத்துக்கு ஒருத்தர் சொல்கிறார். 'பேஷனைப் பின்தொடரு', 'பொழுதுபோக்கைக் காசாக்கு' என்கிற குரலில் எல்லோரும் பேசப் பழகிவிட்டோம். கடை நடத்தாதவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். ஒரு பொருளுக்கு விலை போட்ட அடுத்த நிமிஷம் என்னவெல்லாம் ஆகும் என்று கடைக்காரிக்குத் தெரியும். அப்புறம் அதற்கும் ஸ்டாக் எடுக்கணும்.

சரி, எம்.வி. வெங்கட்ராமுக்கு வருவோம். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எம்.வி.வி. 1920இல் கும்பகோணத்தில் பிறந்தார். சௌராஷ்டிரர். பதினாறு வயதிலேயே 'மணிக்கொடி'யில் கதை எழுதிவிட்டார். தொழில், பட்டு ஜரிகை வியாபாரம். ஜரிகை என்றால் நமக்குப் புடவைக் கரையில் மின்னுவது மட்டும்தான் தெரியும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. 'மார்க்' என்ற கணக்கில், ஏறத்தாழ 240 கிராம் கட்டுகளாக விற்பார்கள். வெள்ளி விலை ஏறினால் ஜரிகை ஏறும், இறங்கினால் கையிலிருக்கும் சரக்கு கடிக்கும். பட்டுத் தொழிலில் கடன் ஒரு சங்கிலி. நூலும் ஜரிகையும் கடனில் போகும், புடவை விற்றால்தான் காசு திரும்பும், புடவையோ முகூர்த்தம் இருந்தால்தான் விற்கும். தை மாதக் கல்யாணத்தை நம்பி ஐப்பசியில் சரக்கு கொடுக்கிறவன் எப்படித் தூங்குவான் என்பது மாதச் சம்பளக்காரருக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

இந்தத் தொழிலில் இருந்துகொண்டுதான் அவர் 1948இல் 'தேனீ' என்ற இலக்கியப் பத்திரிகையைத் தொடங்கினார். கரிச்சான் குஞ்சு கூட இருந்தார். பத்திரிகை நீண்ட நாள் ஓடவில்லை. கைப்பணம் போனது. ஜரிகை வியாபாரமும் பின்னால் நொடித்தது. பிறகு பிழைப்புக்காகப் பழனியப்பா பிரதர்ஸுக்கு வாழ்க்கை வரலாற்று நூல்களாக எழுதித் தள்ளினார். ஒரு காலத்தில் தன் பணத்தில் பத்திரிகை நடத்தியவர், பின்னர் எழுத்தையே கூலி வேலையாகச் செய்தார். நடுவில் காதுகளுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அது பல வருடங்கள் நீடித்தது. அந்த அனுபவத்திலிருந்து வந்த நாவல் 'காதுகள்'. 1992இல் வெளியானது, 1993இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. 2000 ஜனவரியில் அவர் காலமானார்.

இந்த வாழ்க்கையை நாம் இரண்டு விதமாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஒன்று, 'இலக்கியப் பைத்தியத்தால் நல்ல வியாபாரத்தைத் தொலைத்தவர்'. இது உறவுக்காரர்களின் பாணி. இன்னொன்று, 'லௌகீகம் விழுங்கியும் மீந்த கலைஞன்'. இது நம்முடைய பாணி, அஞ்சலிக் கட்டுரைகளில் அடிக்கடி வரும். ரெண்டும் எதிரெதிர் மாதிரித் தெரிந்தாலும் ரெண்டுக்கும் அடிப்படை ஒன்றே. கடையும் எழுத்தும் ஒரே தட்டில் சாப்பிடும் ரெண்டு பிள்ளைகள், ஒன்று பசித்தால்தான் இன்னொன்றுக்குச் சோறு. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜரிகைக் கடை நடத்துவதும் 'தேனீ' நடத்துவதும் ஒரே மாதிரியான காரியங்கள். ரெண்டிலும் முதலில் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குப் பழகிய ஒரு மனம்தான் பத்திரிகையும் தொடங்கும். மாதச் சம்பளக்காரர் சந்தா வரும் என்று நம்பி அச்சகத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ரெண்டு தடவை யோசிப்பார். வியாபாரிக்கு அது ஏற்கெனவே பழகிய பயம்.

'காதுகள்' நாவலை நான் முதலில் படித்தது கல்லூரியில். அப்போது அது எனக்கு ஒரு மாந்திரீகக் கதை. மகாலிங்கம் என்ற எழுத்தாளன், குடும்பஸ்தன். முருக பக்தன். அவன் காதுக்குள் குரல்கள் புகுந்துகொள்கின்றன. ஆபாசமாகப் பேசுகின்றன, சண்டை போடுகின்றன, நாடகம் நடத்துகின்றன. தன்னைக் காளி என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சக்தி அவனை அழிக்கப் பார்க்கிறது. வெளியே குடும்பம் வறுமையில் இறங்கிக்கொண்டே போகிறது. விமர்சனங்களில் இது மனப்பிறழ்வின் நாவல் அல்லது ஆன்மிகப் போராட்டத்தின் நாவல். தமஸும் சத்துவமும் மோதும் களம் என்று எழுதியிருக்கிறார்கள். பணக்கஷ்டம் எல்லா வாசிப்பிலும் பின்னணித் திரை, குரல்தான் நாடகம்.

கடைக்கு வந்தபிறகு இரண்டாம் முறை படித்தேன். மதியம் மூன்று மணிக்கு, கல்லாவுக்குப் பின்னால். இந்தத் தடவை எனக்குப் பட்டது வேறு. அந்தக் குரல்களின் உள்ளடக்கத்தை விடுங்கள், அவற்றின் நடத்தையைப் பாருங்கள். நேரங்காலம் இல்லாமல் வரும். ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். எதிரில் மனைவி பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே வேறொருவர் பேசுவார். சாமி கும்பிடும்போதும் விடாது. பதில் சொன்னால் இன்னும் பேசும், சொல்லாவிட்டாலும் பேசும். அவற்றைக் கணக்குத் தீர்த்து அனுப்ப முடியாது. கடன் இருக்கிற ஒரு வியாபாரியின் தலைக்குள் ஓடுவது இதேதான். மொத்தக்காரருக்கு என்ன பதில், வாடகைக்கு என்ன பதில், வட்டி என்னைக்கு. கோலப்பொடி வாங்கப் போகும்போதும் அது ஓடும்.

எம்.வி.வி.யின் குரல்கள் வெறும் கடன்காரர்கள் என்று நான் சுருக்கப் பார்க்கவில்லை. அவர் அனுபவித்தது நிஜமான நோய் அல்லது அவர் நம்பியபடி நிஜமான ஆன்மிகத் தாக்குதல். அதைக் குறியீடாக மாற்றுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. நான் சொல்வது வடிவத்தைப் பற்றி. முடிவடையாத சத்தத்தை எழுத ஒரு வாக்கியமுறை வேண்டும். ஒரு மாலை முழுக்க அமைதியாக உட்கார்ந்து எழுதுகிற மனதின் வாக்கியம் அதற்குச் சரிப்படாது. 'காதுகள்' அதனால்தான் அழகாக எழுதப்படவில்லை. துண்டு துண்டாக நகர்கிறது, சொன்னதையே சொல்கிறது, திடீரென்று நின்று வேறெங்கோ தொடங்குகிறது. இதைக் குறை என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. இடையிடையே வாடிக்கையாளர் வந்து நிற்கும் ஒரு தலைக்குள் எழுதப்பட்ட நாவல் போல அது எனக்குத் தெரிகிறது.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. 'காதுகள்' நாவலில் குரல்களுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தொழிலுக்குக் கிடைக்கவில்லை. நொடிப்பு எப்படி நடந்தது, எந்தச் சரக்கு தேங்கியது, யார் பணம் தரவில்லை? ஜரிகை தெரிந்த ஒரு மனிதர் ஜரிகையை எழுதாமல் போனது வருத்தம்தான். நெசவை அவர் எழுதியிருக்கிறார். 'வேள்வித் தீ' நாவலில் சௌராஷ்டிர நெசவாளிகளின் வீடும் தறியும் கூலியும் உள்ளிருந்து வருகின்றன. அங்கே தறி இருப்பதால் மனிதர்களுக்கு எடை கூடுகிறது. ஒரு முக்கோண உறவின் கதையாக மட்டும் நின்றிருந்தால் அதை இன்று யாரும் தேடிப் படிக்கமாட்டார்கள். ஒரு வியாபாரியின் மனத்தையும் அவன் சரக்கையும் ஒரே புத்தகத்தில் சேர்த்து எழுதியிருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இருக்கிறது.

இங்கே காஃப்காவை இழுக்காமல் இருக்க முடியவில்லை. அவரையும் நாம் ஆபீஸ் குமாஸ்தாவாகவே வைத்திருக்கிறோம். விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, இரவில் எழுத்து. ஆனால் அந்த வேலை காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அவரை உண்மையில் நொறுக்கியது ஒரு தொழிற்சாலை. 1911 கடைசியில் மச்சானோடு பங்குதாரராகச் சேர்ந்து பிராகில் ஒரு சின்ன ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலை ஆரம்பிக்கிறார்கள். நீ மதியம் சும்மாதானே இருக்கிறாய், போய்ப் பார்த்துக்கொள் என்கிறது வீடு. (இந்தச் 'சும்மாதானே'வுக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பு தேவையில்லை.) 1912 செப்டம்பரில் ஒரே இரவில் 'தீர்ப்பு' கதையை எழுதி முடிக்கிறார். சில நாட்களில் மறுபடியும் தொழிற்சாலை விவகாரம். அக்டோபரில் நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதிய கடிதத்தில் ஜன்னலிலிருந்து குதிக்கும் எண்ணம் வரை போகிறார். பதறிப்போன பிராட், காஃப்காவின் அம்மாவுக்கே எழுதினார். அதற்கடுத்த மாதம் தொடங்கியதுதான் 'உருமாற்றம்'.

அந்தக் கதையில் கிரிகோர் சம்சா என்ன வேலை பார்க்கிறான்? துணி மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற விற்பனைப் பிரதிநிதி. ஏன் அந்த வேலையை விட முடியவில்லை? அப்பாவின் வியாபாரம் ஐந்து வருஷத்துக்கு முன்னால் மூழ்கிப்போனது, அந்தக் கடனை முதலாளிக்கு உழைத்துக் கழித்துக்கொண்டிருக்கிறான். நாம் எல்லோரும் பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்ததில் கடனைப் படிக்காமல் விட்டுவிட்டோம். காஃப்காவின் அப்பா நடத்தியதும் நூல், பட்டன், குடை மாதிரியான சாமான்கள் விற்கும் கடை. கிட்டத்தட்ட எங்கள் கடை. தொழிற்சாலையை 1917இல் மூடினார்கள்.

காஃப்கா, எம்.வி.வி. இருவரிடமும் எனக்கு முக்கியமாகப் படுவது, தொழிலைக் கதையில் அவர்கள் பாடமாக்கவில்லை. 'கடைசியில் கலை வென்றது' என்று எழுதவில்லை. தொழில் தந்த பயத்தின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கடை நன்றாக ஓடினால் வேறு மாதிரி இலக்கியம் வரும் என்பதற்கு நாகர்கோவில் சாட்சி. சுந்தர ராமசாமி அங்கே துணிக்கடை நடத்தினார். 1966இல் வந்த 'ஒரு புளியமரத்தின் கதை'யில் புளியமரத்து முக்கு, சுற்றியுள்ள கடைகள், தாமுவுக்கும் காதருக்கும் நடக்கும் வியாபாரப் போட்டி, அது தேர்தல் வரை போய் மரத்தைத் தின்பது எல்லாவற்றையும் பார்ப்பது ஒரு கடைக்காரரின் கண். கல்லாவில் இருந்து தெருவைப் பார்க்கிற தூரம், அந்தக் கிண்டல், யார் எவ்வளவு பெறுவார் என்ற கணக்கு. பதற்றம் இல்லாத பார்வை அது. 1988இல் 'காலச்சுவடு' தொடங்கவும் அவரால் முடிந்தது. அதே துணி உலகம்தான், சரக்கு தேங்கினால் கும்பகோணத்து எம்.வி.வி. ஆகிறது.

எங்கள் தி.நகரையும் விட்டுவிடக் கூடாது. இது ஜவுளியும் நகையும் மட்டும் விற்ற ஊர் இல்லை. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் உருவான இந்தப் பேட்டையில் பதிப்பகங்கள் வரிசையாக இருந்தன. 1960களின் நடுவில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய 'வாசகர் வட்டம்' இங்கிருந்துதான் இயங்கியது. லா.ச.ரா.வின் 'புத்ர', தி.ஜா.வும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' எல்லாம் அவர்கள் போட்டவை. அந்தப் பழைய பிரதி கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள், கட்டமைப்பில் எவ்வளவு கவனம். லாபத்துக்காக நடந்த காரியம் அது இல்லை. பத்து வருஷம்போல ஓடி நின்றது. இன்னொரு பக்கம் 1928இலிருந்து இருக்கும் நல்லி, கலைகளுக்குப் புரவலராகவும் ஆனது. நன்றாக ஓடும் பெரிய கடை கலைக்குக் கொடுக்கும். திணறும் சின்னக் கடை என்ன செய்யும் என்பதுதான் என் கேள்வி.

அசோகமித்திரன் இதே தி.நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1966இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டவர். 'கரைந்த நிழல்கள்' நாவலில் ஒரு படக் கம்பெனி இற்றுப்போவதை எழுதினார். ஒரு தொழில் எப்படி விழும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல நாவல் எனக்குத் தெரியாது. ஆனால் அது அதிகமும் அங்கே வேலை பார்த்தவர்கள் பக்கம் நின்று பார்க்கிற விழுகை. 2010இல் வந்த 'அங்காடித் தெரு'வும் அப்படி. ரங்கநாதன் தெருவின் பெரிய கடையில் நின்றபடியே கால் வீங்கும் பிள்ளைகளின் படம் அது. வசந்தபாலன் அதை எடுத்ததற்கு நாம் நன்றி சொல்லணும். அதில் தொழிலாளி உண்டு, பெரிய முதலாளி உண்டு. ரெண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டுத் தனக்கு எடுக்க ஒன்றும் இல்லாத சின்னக் கடைக்காரர் இல்லை. அவரை வில்லனாகவும் வைக்க முடியாது, பாதிக்கப்பட்டவராகவும் முழுசாக வைக்க முடியாது. அக்காவுக்குத் தீபாவளி போனஸ் தள்ளிப்போனால் அது என் கையால்தான் தள்ளிப்போகும். கதை சொல்ல வசதியான ஆள் கிடையாது.

என் படக்கதை அவரைப் பற்றித்தான். பதினெட்டுப் பக்கத்தில் இதுவரை ஒரு நாள் மதியம்தான் ஆகியிருக்கிறது. ஒரு அம்மா புடவை கொண்டுவருகிறார், கலர் பொருந்தவில்லை, வாசலுக்குப் போகிறார்கள், உள்ளே வருகிறார்கள்.

வாடகை ஒப்பந்தம் வருகிற தையோடு முடிகிறது. புதுசாகப் போட்டால் முன்பணம் கூட்டித் தரணும். கடையை மூடிவிட்டு ஒரு டிசைன் ஆபீஸில் வேலைக்குப் போகலாம். அப்படி ஒரு இடம் கேட்டும் வந்திருக்கு. சம்பளம் வரும், மாலை வரும், ஞாயிறு வரும். படக்கதை முடிந்தும்விடலாம். எதைப் பற்றி வரைவேன் என்பதுதான் பிரச்சினை. எம்.வி.வி. வியாபாரத்தில் இல்லாமல் ஏதாவது ஆபீஸில் இருந்திருந்தால் இன்னும் நாலு நாவல் எழுதியிருப்பார் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். அதில் 'காதுகள்' இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அந்த ஒரு புத்தகத்துக்கு அவர் குடும்பம் கொடுத்த விலை சரிதானா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் சொல்லும் உரிமை வாசகருக்குக் கிடையாது. அவர் மனைவிக்குத்தான் இருந்தது.

அப்பாவிடம் போன வாரம் இதைப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கும்பகோணத்துக்காரர் ஜரிகையை ரொக்கத்துக்கு வித்தாரா, கடனுக்காம்மா?" என்றார். கடனுக்குத்தான் இருக்கும்ப்பா என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, ஆடிக்கு லைனிங் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.